வயரோடு வரும் விஆர் ஹெட்செட்: 4060 கார்டுக்கும் 10 அடி அறைக்கும் எது சரிவரும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு, 10க்கு 11 அடி அறை, ஐ5-12400எஃப் சிப், 16 ஜிபி ரம், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு உள்ள மேசைக் கணினி. பெரும்பாலும் விமானம் ஓட்டும் மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், வார இறுதியில் தங்கையோடு இசைக்கு ஏற்ப வாளால் கட்டைகளை வெட்டும் பீட் சேபர். கையில் நான்கு தெரிவுகள்: பாவித்த வால்வ் இண்டெக்ஸ் முழு செட், பாவித்த எச்பி ரிவர்ப் ஜி2, புதிய பிஎஸ் விஆர்2 அடெப்டரோடு, புதிய மெட்டா குவெஸ்ட் 3 கேபிளோடு. இதில் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில், வாங்கிய பிறகு 'இதற்கு இன்னொன்றும் வேண்டும்' என்று யாரும் சொல்லக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். ஹெட்செட்டைத் தனியே வைத்து ஒப்பிட்டால் அதற்கு விடை கிடைக்காது. கார்டின் சொக்கட், கேபிள், விண்டோஸ் பதிப்பு, கண், அறை ஆகிய ஐந்தும் ஒரே சங்கிலி. எது பலவீனமோ அதன் தரம்தான் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் வயர் என்ற சொல்லையே பிரித்துப் பார்க்க வேண்டும். இண்டெக்ஸ், ரிவர்ப், பிஎஸ் விஆர்2 மூன்றும் கிராபிக்ஸ் கார்டின் டிஸ்ப்ளேபோர்ட் என்ற வீடியோ சொக்கட்டில் மொனிட்டரைப்போல இணைகின்றன. கார்டு வரைந்த படம் வீடியோவாகச் சுருங்காமல் திரைக்குப் போகும். குவெஸ்ட் 3இல் வீடியோ உள்ளே வரும் சொக்கட் கிடையாது. இருப்பது யூஎஸ்பி-சி மட்டும். அதனால் கணினி ஒவ்வொரு ஃபிரேமையும் (தனித்தனிப் படத்தையும்) வீடியோவாகச் சுருக்கி அனுப்ப, ஹெட்செட் அதை விரித்துக் காட்டுகிறது. எவ்வளவு சுருக்குகிறது என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். குவெஸ்ட் 3இன் திரை ஒரு கண்ணுக்கு 2064×2208. இரண்டு கண், பிக்சலுக்கு 24 பிட், செக்கனுக்கு 90 ஃபிரேம் என்று பெருக்கினால் கிட்டத்தட்ட 19.7 ஜிகாபிட் வரும். குவெஸ்ட்டைக் கணினியோடு இணைக்கும் லிங்க் கேபிளில் வழக்கமாக ஓடுவது சில நூறு மெகாபிட். 500 என்று வைத்தால்கூட 40இல் ஒரு பங்குக்குச் சுருங்கிய படம் அது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உண்மையில் சுமக்கக்கூடியது 25.9 ஜிகாபிட். 120 ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 120 படமாக, ஓடும் பிஎஸ் விஆர்2 கேட்பது சுமார் 23.5. ஆகவே அங்கே இப்படி வீடியோவாகச் சுருக்கத் தேவையில்லை.

இந்தச் சுருக்கம் எங்கே தெரியும் என்றால், எல்லா இடத்திலும் இல்லை. விமானத்தின் உட்புறம், கருவிப் பலகை, மேகம் எல்லாம் நன்றாகவே இருக்கும். தாழப் பறந்து காட்டுக்கு மேலே போகும்போது மரங்களின் இலை நுணுக்கம் சேறுபோலக் கலங்கும். இருட்டு வானத்தில் நிறம் படிப்படியாகக் கோடு விழும். பிட்ரேட்டை, அதாவது செக்கனுக்கு அனுப்பும் தரவின் அளவை, கூட்டினால் இது குறையும், முழுதாகப் போகாது. இன்னொன்று தாமதம். தலையைத் திருப்பும்போது ஹெட்செட் தானே கடைசி நேரத்தில் படத்தைச் சரித்துக்கொள்வதால் அந்தத் தாமதம் தெரிவதில்லை. கையின் அசைவில்தான் தெரியும். விமானம் ஓட்டுபவருக்கு இது பொருட்டே இல்லை. பீட் சேபரில் ஆகக் கூடிய கடினத்தில் விளையாடுபவருக்கு மட்டும் உறுத்தும்.

சொக்கட் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். மேசைக் கணினியின் 4060 கார்டுகளில் வழக்கமாக மூன்று டிஸ்ப்ளேபோர்ட்டும் ஒரு எச்டிஎம்ஐயும் இருக்கும். மொனிட்டரை எச்டிஎம்ஐக்கு மாற்றிவிட்டு ஹெட்செட்டுக்கு ஒரு டிஸ்ப்ளேபோர்ட்டை ஒதுக்குங்கள். மதர்போர்ட்டில் உள்ள வீடியோ சொக்கட்டைத் தொடவே வேண்டாம். 12400எஃப் சிப்பில் உள்ளக கிராபிக்ஸ் இல்லாததால் அது செத்த சொக்கட். இதை வாசிக்கும் மடிக்கணினிக்காரருக்கு ஒரு எச்சரிக்கை: எச்டிஎம்ஐ மட்டும் உள்ள மடிக்கணினியில் டிஸ்ப்ளேபோர்ட் கேட்கும் அந்த மூன்று ஹெட்செட்டும் வேலை செய்யாது. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்னத் துண்டு எதிர்த்திசையில் ஓடாது, கடையில் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும். யூஎஸ்பி-சி வழியாக டிஸ்ப்ளேபோர்ட் வரும் மடிக்கணினிகளிலும் அந்த சொக்கட் என்விடியா சிப்போடு இணைந்திருக்க வேண்டும். சில மொடல்களில் அது இன்டெலின் உள்ளக கிராபிக்ஸோடு இணைந்திருக்கும். என்விடியா கன்ட்ரோல் பெனலில் பிசிக்ஸ் அமைப்புப் பக்கத்தில் எந்த சொக்கட் எந்த சிப்பில் தொங்குகிறது என்று படமாகவே காட்டும். மடிக்கணினியில் வாங்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

இனி நான்கையும் ஒவ்வொன்றாக. ரிவர்ப் ஜி2 வந்தது 2020 இறுதியில். கண்ணுக்கு 2160×2160, 90 ஹேர்ட்ஸ். நடுப்பகுதியின் தெளிவு இன்றைக்கும் மதிக்கத்தக்கது, விமானக்காரர்கள் அதை விரும்பியதற்குக் காரணம் உண்டு. பிரச்சினை ஹெட்செட்டில் இல்லை. அது ஓடுவது விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி என்ற மென்பொருளில். அதைக் கைவிடப்போவதாக மைக்ரோசொஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்தது, விண்டோஸ் 11 24எச்2 பதிப்பில் நீக்கியும்விட்டது. அந்தப் பதிப்புக்கு மாறிய கணினியில் ரிவர்ப்பைச் செருகினால் ஒன்றுமே நடக்காது. ஒயாசிஸ் என்ற இலவச ட்ரைவர் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் இருக்கிறது, அதைக்கொண்டு மைக்ரோசொஃப்ட் மென்பொருள் இல்லாமலே ஸ்டீமின் விஆர் மென்பொருளான ஸ்டீம்விஆரில் ஓட்டலாம். அது என்விடியா கார்டுகளில் மட்டும் வேலை செய்யும், உங்களிடம் இருப்பதும் அதுதான். ஆனாலும் தயாரித்தவர்களின் ஆதரவு முடிந்துபோன ஒரு கருவிக்குத் தன்னார்வத்தில் எழுதப்பட்ட உயிர்நாடி அது. விற்பவர் விலையை நன்றாக இறக்கினால், கொன்ட்ரோலரைத் தொடாமல் ஜொய்ஸ்டிக்கோடு மட்டும் பறப்பவருக்குச் சரி. உங்கள் வீட்டில் தங்கையும் விளையாட வேண்டுமே, அதற்கு இது வேண்டாம். கொன்ட்ரோலரைத் தேடும் கேமராக்கள் முன்பக்கத்தையே அதிகம் பார்ப்பதால் கை தலைக்குப் பின்னாலோ இடுப்புக்குக் கீழோ போனதும் வாள் காற்றில் மிதக்கத் தொடங்கும். கேபிளைப் பற்றியும் கேளுங்கள். ஆரம்பத்தில் வந்த கேபிள் சில ஏஎம்டி மதர்போர்ட்களின் யூஎஸ்பியோடு ஒத்துவரவில்லை. பின்னர் வந்த இரண்டாவது வகையில் அந்தக் குறை சீர்செய்யப்பட்டது. அதில் மின்சாரத்துக்கு ஒரு பொத்தான் இருக்கும், அடையாளம் அதுதான்.

இண்டெக்ஸ் 2019இல் வந்தது. முழு செட்டின் அறிமுக விலை 999 டொலர். கண்ணுக்கு 1440×1600 பிக்சல்தான். 144 ஹேர்ட்ஸ் வரை போகும், பார்வைப் பரப்பு அகலம், காதைத் தொடாமல் தொங்கும் ஒலிபெருக்கியின் தரத்தை இன்றும் பலர் எட்டவில்லை. கை அசைவைப் பின்தொடர்வதில் இந்த நான்கில் இதுதான் முதல். அறையின் மூலைகளில் வைக்கும் பேஸ் ஸ்டேஷன்கள் கண்ணுக்குத் தெரியாத கதிரால் அறையைத் துடைக்க, ஹெட்செட்டும் கொன்ட்ரோலரும் அந்தக் கதிர் தங்களைத் தொட்ட நேரத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுகின்றன. இருட்டிலும் வேலை செய்யும். அறை 10 அடி என்றால் இரண்டு ஸ்டேஷன் தாராளமாகக் காணும். ஆனால் நீங்கள் விமானம் ஓட்டப்போகிறீர்கள். செஸ்னா என்ற சிறு விமானத்தின் உயரமானியில் உள்ள சின்ன எண்களை இண்டெக்ஸில் வாசிக்க உடம்பை முன்னே சாய்த்து மூக்கைக் கருவிப் பலகைக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். ஜிபிஎஸ் திரையின் எழுத்துகள் இன்னும் கஷ்டம். இரண்டு மணி நேரப் பறப்பில் கழுத்து கேள்வி கேட்கும். பீட் சேபர் முதன்மை, விமானம் பொழுதுபோக்கு என்று உங்கள் கணக்கு தலைகீழாக இருந்தால் என் பதிலும் மாறியிருக்கும்.

பிஎஸ் விஆர்2 அடிப்படையில் பிளேஸ்டேஷன் 5க்காக 2023 பெப்ரவரியில் வந்தது. கணினி அடெப்டர் 2024 ஓகஸ்ட்டில், 59.99 டொலருக்கு. கண்ணுக்கு 2000×2040 ஓலெட் திரை, 90 அல்லது 120 ஹேர்ட்ஸ். இரவுப் பறப்பில் இதன் கறுப்பு உண்மையான கறுப்பு. ஓடுபாதை விளக்குகள் இருட்டைக் குத்திக்கொண்டு நிற்கும், மற்ற மூன்றின் எல்சிடி திரையில் அது சாம்பல் நிறப் பின்னணியில்தான் வரும். குறைகளையும் சொல்லவேண்டும். லென்ஸ் ஃபிரெனல் வகை, வட்டவட்டப் படிகளாகச் செதுக்கியது. கூர்மையாகத் தெரியும் இடம் நடுவில் ஒரு சின்ன வட்டம், முகத்தில் அரை சென்டிமீட்டர் கீழே இறங்கினாலும் எழுத்து மங்கும். பலர் 'படம் தெளிவில்லை' என்று திருப்பிக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். பின்பட்டியைக் கழுத்துக்கு மேலே மண்டையோட்டின் மேட்டுக்குக் கீழாக இறக்கி வைத்து, முன்பகுதியை மேலும் கீழும் நகர்த்தி எழுத்து கூர்மையாகும் இடத்தைப் பிடித்த பிறகுதான் இறுக்கவேண்டும். இன்னொன்று, ஒரே நிறமான வானத்தைப் பார்க்கும்போது மெல்லிய வலைத்துணி வழியாகப் பார்ப்பதுபோல ஒரு சொரசொரப்பு தெரியும். அது ஓலெட் பிக்சல்களின் சமமின்மை, பழுது இல்லை.

கணினியில் பாவிக்கும்போது பிஎஸ் விஆர்2 தன் வசதிகளில் சிலவற்றை இழக்கிறது என்பதும் உறுதியான விஷயம். எச்டிஆர், கண் அசைவைத் தொடர்தல், ஹெட்செட்டின் அதிர்வு, விசையின் இறுக்கம் மாறுதல் எதுவும் சோனியின் கணினி ஆதரவில் இல்லை. பெட்டிக்குள் இல்லாதவை இரண்டு: டிஸ்ப்ளேபோர்ட் 1.4 கேபிளும், கொன்ட்ரோலர்களை இணைக்கும் புளூடூத்தும். நீங்கள் பயந்த அந்த 'இன்னொன்று' இங்கேதான் இருக்கிறது. கேபிளைப் புறக்கோட்டையில் மலிவாக வாங்கினால் படம் செக்கனுக்கு ஒருமுறை கறுக்கும் ஆபத்து உண்டு, ஒன்றரை மீட்டருக்குக் கூடாத நல்ல கேபிள் எடுங்கள். புளூடூத் 4.0 அல்லது அதற்கு மேல் தேவை. மதர்போர்ட்டிலேயே புளூடூத் இருந்தால் பின்னால் அன்டெனா இரண்டும் திருகியிருக்கிறதா பாருங்கள். அன்டெனா இல்லாமல் ஓட்டினால் கை நடுங்குவதுபோலத் தெரியும், கொன்ட்ரோலர் அறுந்து அறுந்து இணையும். யூஎஸ்பி டொங்கிள் வாங்கினால் அதைக் கணினிக்குப் பின்னால் யூஎஸ்பி 3 சொக்கட்டுக்குப் பக்கத்தில் செருகவேண்டாம். யூஎஸ்பி 3 அதே 2.4 ஜிகாஹேர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும். ஒரு மீட்டர் நீட்டிப்பு வயரில் மேசைக்கு மேலே கொண்டுவந்தால் பாதித் தொல்லை தீரும். அடெப்டரின் யூஎஸ்பியைக் கணினியில் நேராகச் செருகுங்கள், ஹப் வேண்டாம்.

குவெஸ்ட் 3க்கு வருகிறேன். 2023 ஒக்டோபரில் வந்தது. இதன் பலம் பான்கேக் வகை லென்ஸ். கூர்மை நடுவிலிருந்து ஓரம் வரை கிட்டத்தட்ட ஒரே மாதிரி. விமானத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அட்டவணையில் தெரியாது. வெளியே ஓடுபாதையைப் பார்த்தபடி தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கீழே இறக்கி வேகத்தை வாசிக்கலாம். ஃபிரெனல் லென்ஸில் அதே எண்ணுக்குத் தலையையே குனிய வேண்டும். மெட்டா சொல்லும் கணக்கு பாகைக்கு 25 பிக்சல். நல்ல பார்வையுள்ள கண்ணின் எல்லை 60 அளவில் இருப்பதால் இன்னும் தூரம் இருக்கிறது, ஆனால் செஸ்னாவின் எண்கள் சாயாமல் வாசிக்கத் தெரியும். லென்ஸ்களுக்கிடையிலான தூரம் 58 முதல் 71 மில்லிமீட்டர் வரை சில்லைத் திருகி மாற்றலாம், தங்கையும் நீங்களும் மாறிமாறிப் போடுவதற்கு இது முக்கியம். இதே பெயரில் மலிவாக வரும் 3எஸ் வேறு பொருள். அதில் பழைய 1832×1920 திரையும் ஃபிரெனல் லென்ஸும், தூரத்துக்கு மூன்று நிலை மட்டும். கடையில் 'இரண்டும் ஒன்றுதான்' என்றால் நம்பவேண்டாம்.

கேபிள் விஷயத்தில் குவெஸ்ட்டுக்குத் தனி ஒழுங்கு உண்டு. ஃபோன் சார்ஜரோடு வரும் யூஎஸ்பி-சி கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2 வேகம், 480 மெகாபிட். அது இணையும், படமும் வரும், ஆனால் பிட்ரேட்டைக் கூட்ட இடமில்லாததால் கலங்கலாக இருக்கும், குறையை ஹெட்செட் மேல் போட்டுவிடுவோம். யூஎஸ்பி 3 என்று எழுதிய 3 முதல் 5 மீட்டர் கேபிள் தேவை. லிங்க் மென்பொருளில் உள்ள கேபிள் சோதனையை ஓட்டினால் 2 ஜிகாபிட்டுக்கு மேல் காட்டவேண்டும். சாதாரண யூஎஸ்பி-ஏ சொக்கட் 4.5 வொட் அளவுதான் கொடுக்கும், ஹெட்செட் அதைவிடக் கூடச் செலவழிக்கும், ஆகவே கேபிளில் இருந்தும் பற்றரி மெல்ல இறங்கும். நீண்ட பறப்புக்கு நடுவில் சார்ஜர் செருகும் கிளை உள்ள கேபிளைத் தேடி எடுங்கள். படத் தரத்துக்கு ஒக்கியுலஸ் டிபக் டூல் என்ற சின்ன நிரலில் பிட்ரேட்டை 300இல் தொடங்கி, தடங்கல் வராதவரை 50 50ஆகக் கூட்டிப் பாருங்கள். சிமுலேட்டருக்கு ஓபன்எக்ஸ்ஆர் ரன்டைமாக (விளையாட்டையும் ஹெட்செட்டையும் இணைக்கும் மென்பொருளாக) மெட்டாவினுடையதையே தெரிவு செய்யுங்கள். ஸ்டீம்விஆரை நடுவில் விட்டால் ஒரே வேலையை இரண்டு பேர் செய்து ஃபிரேமைத் தின்பார்கள்.

இந்த நான்குக்கும் மேலே பிக்ஸ்கிரீன் பியொண்ட், பைமாக்ஸ் கிரிஸ்டல் லைட் இரண்டையும் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பியொண்ட் வெறும் 127 கிராம், மைக்ரோ ஓலெட், கண்ணுக்கு 2560×2560, உண்மையிலேயே அழகான பொறியியல். ஆனால் 999 டொலருக்குக் கிடைத்தது ஹெட்செட் மட்டும். இரண்டு பேஸ் ஸ்டேஷன் 298, இண்டெக்ஸ் கொன்ட்ரோலர் சோடி 279 சேர்த்தால் 1,576 ஆனது, கப்பல் கூலியும் வரியும் தனி. கிரிஸ்டல் லைட் கண்ணுக்கு 2880×2880. அதை நிரப்ப உங்கள் கார்டால் முடியாது.

கார்டைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முடியாது. 90 ஹேர்ட்ஸ் என்றால் ஒரு ஃபிரேமை வரைய 11.1 மில்லிசெக்கன் இருக்கிறது, 120 என்றால் 8.3. லென்ஸின் வளைவைச் சரிக்கட்ட விளையாட்டு திரையைவிடப் பெரிதாக வரையவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. இண்டெக்ஸின் திரை 1440×1600, ஸ்டீம்விஆரின் 100 வீதம் 2016×2240, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பிக்சல். 4060இல் 8 ஜிபி நினைவகம்தான். ஃபிளைட் சிமுலேட்டரில் பெரிய விமான நிலையத்தில் அது நிரம்பிவிட்டால் படம் இழுத்து இழுத்து நிற்கும், எந்த ஹெட்செட்டும் அதைக் காப்பாற்றாது. ஆகவே 4060க்கு 90 ஃபிரேம் என்பது பீட் சேபரில் சுலபம், சிமுலேட்டரில் நடக்காது. அங்கே நிதானமாகப் பிடிக்கக்கூடியது பாதி வேகம். மீதி ஃபிரேமை மென்பொருள் ஊகித்து நிரப்பும். இங்கேதான் யாரும் கவனிக்காத ஒரு எண் உங்கள் முடிவைத் தீர்மானிக்கிறது: ஹெட்செட்டின் ஆகக் குறைந்த ஹேர்ட்ஸ். பிஎஸ் விஆர்2 கணினியில் 90க்குக் கீழே இறங்காது, பாதி என்றால் 45 ஃபிரேம் வேண்டும். குவெஸ்ட் 3 72க்கு இறங்கும், 36 காணும். அந்த 9 ஃபிரேம் வித்தியாசம் உங்கள் கார்டில் கொழும்புக்கு மேலே பறப்பதற்கும் இழுபடுவதற்கும் உள்ள வித்தியாசம். ரம்மையும் 32 ஜிபி ஆக்குங்கள். 2024 பதிப்புக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவே அதுதான், ஹெட்செட்டைவிட அந்தச் செலவு மிகச் சிறியது.

ஆகவே என் தெரிவு குவெஸ்ட் 3, நல்ல யூஎஸ்பி 3 கேபிளோடு. கணினியை நீங்கள் படிப்புக்கு வைத்திருக்கும்போதும் தங்கை குவெஸ்ட்டைக் கணினி இல்லாமலே தனியாகப் போட்டு விளையாடலாம் என்பதும் சேர்கிறது. இதற்கு எதிராக நிற்பது இரண்டு. மெட்டா கணக்கும் லிங்க் மென்பொருளும் கட்டாயம், அதன் புதுப்பிப்பு சில வேளை நன்றாக ஓடுவதைக் குழப்பும். பிஎஸ் விஆர்2இல் இந்தத் தொல்லை இல்லை, எல்லாம் ஸ்டீமிலேயே முடிந்துவிடும். இரவுப் பறப்பே உங்கள் உயிர் என்றாலோ, அடெப்டர், கேபிள், டொங்கிள் எல்லாம் சேர்த்தும் விலை கணிசமாகக் குறைவாக வந்தாலோ பிஎஸ் விஆர்2 தப்பான தெரிவு இல்லை. அடுத்த வருடம் கார்டை மாற்றும் எண்ணம் இருந்தால் அதன் பக்கம் தராசு இன்னும் சாயும்.

எழுத்தில் எவராலும் சொல்லமுடியாதவையும் உண்டு. பார்வைப் பரப்பின் பாகை அளவுகளை ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது, அந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவேண்டாம். கண் லென்ஸுக்கு எவ்வளவு கிட்டப் போகிறது என்பது உங்கள் நெற்றியையும் மூக்கையும் பொறுத்தது. தலைசுற்றலும் ஆளுக்கு ஆள் வேறு. விமானத்தில் விமானி அறை உங்களைச் சுற்றி அசையாமல் நிற்பதால் சுலபம், நடந்து திரியும் விளையாட்டில் கஷ்டம். முதல் வாரம் 15 நிமிடத்தில் நிறுத்துங்கள், குமட்டல் தொடங்கிய பிறகு பல்லைக் கடித்துத் தொடர்ந்தால் அடுத்த நாளும் உடம்பு அதை மறக்காது. மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் அது லென்ஸைக் கீறாமல் இருக்க இடைவெளியைக் கூட்டி வையுங்கள். லென்ஸ் பிளாஸ்டிக், விழுந்த கீறல் போகாது.

உங்கள் அறைக்கு வருவோம். கட்டில், மேசை போக உங்களுக்கு மிஞ்சுவது 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இருக்கும். நின்ற இடத்தில் விளையாடக் காணும். சோனி நடமாட்டத்துக்குக் கேட்கும் 2க்கு 2 மீட்டர் கிடைக்காது. இதைவிடப் பெரிய ஆபத்து தலைக்கு மேலே. பீட் சேபரில் கையை உயர்த்தி வெட்டும்போது கொன்ட்ரோலரின் நுனி சீலிங் ஃபேன் இறகு மட்டத்துக்குப் போகும். விளையாடுமுன் ஃபேனை நிறுத்திவிட்டு, கொன்ட்ரோலரைப் பிடித்தபடி கையை முழுதாக உயர்த்திப் பாருங்கள். இறகைத் தொட்டால் விளையாடும் இடத்தை ஃபேனுக்குக் கீழிருந்து தள்ளி வரையுங்கள், காற்றுக்குத் தரை ஃபேன் வையுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்குகள் அதன் தாளத்தில் மினுங்கும். குவெஸ்ட்டின் அமைப்பில் டிராக்கிங் அலைவரிசையைத் தானியங்கியில் விடாமல் 50 என்று வைத்தால் கை நடுக்கம் பல அறைகளில் நின்றுவிடும். அலுமாரிக் கதவில் முழுநீளக் கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடுங்கள்.

இண்டெக்ஸையோ ரிவர்ப்பையோ பார்க்கப் போவதென்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவாக இருந்தாலும் ஒருவரின் வீடாக இருந்தாலும் கணினியில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். முதலில் ஃபோன் டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்து லென்ஸைப் பாருங்கள். நேரே பிடித்தால் கீறல் தெரியாது. பிறகு திரையை முழு வெள்ளையாக்கிப் பார்க்கவேண்டும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிரந்தரப் புள்ளியோ கோடோ இருந்தால் லென்ஸ் வழியாக வெயில் திரையைச் சுட்டிருக்கிறது, அதற்குத் திருத்தம் இல்லை. படம் ஓடும்போது கேபிளை ஹெட்செட்டுக்குள் போகும் இடத்தில் மெல்ல அசையுங்கள். வெள்ளைப் புள்ளிகள் மினுங்கினால் கேபிள் போகப்போகிறது, அதை இங்கே தேடிப் பிடிப்பது சுலபமில்லை. ஸ்டீம்விஆர் 108 என்று காட்டினால் ஹெட்செட்டையே காணவில்லை, பெரும்பாலும் யூஎஸ்பி. 208 என்றால் திரையைக் காணவில்லை, டிஸ்ப்ளேபோர்ட் பக்கம் பாருங்கள். இண்டெக்ஸ் கொன்ட்ரோலரின் தம்ஸ்டிக்கை விட்டதும் நடுவுக்கு வருகிறதா, எல்லாத் திசையிலும் அழுத்தம் பிடிக்கிறதா என்று பொறுமையாகச் சோதியுங்கள். பேஸ் ஸ்டேஷனைக் காதுக்குக் கிட்டப் பிடித்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கவேண்டும், உரசல் சத்தம் கேட்டால் உள்ளே சுழலும் பகுதி தேய்ந்துவிட்டது. ஸ்டேஷன்கள் 1.0 என்றாலும் 2.0 என்றாலும் இண்டெக்ஸோடு ஓடும், இரண்டையும் கலந்தால் ஓடாது. 2016இல் வந்த எச்டிசியின் முதல் வைவ் ஹெட்செட் 1.0ஐ மட்டுமே அறியும். புதிதாக வாங்கினால் உத்தரவாதம் யாருடையது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். குவெஸ்ட்டை மெட்டா இங்கே நேரடியாக விற்பதில்லை, ஆகவே கடையின் கையெழுத்துதான் உங்கள் உத்தரவாதம்.

வாங்கிய பிறகு மேற்கே கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் ஹெட்செட்டை வைக்கவே கூடாது. பின்னேர வெயில் சில நிமிடம் லென்ஸில் விழுந்தால் போதும், மேலே சொன்ன அந்தப் புள்ளி விழுந்துவிடும். விளையாடி முடிந்ததும் முகம் படும் பகுதியின் வியர்வையை உலர்ந்த துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் அரை மணி ஆறவிட்டு, பிறகுதான் பெட்டிக்குள் வையுங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் கேமரா லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பதுபோல இதிலும் பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியும் நிறம் மாறும் சிலிகா ஜெல் 200 கிராமும் போதும். நிறம் மாறியதும் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். லென்ஸைத் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும், நடுவிலிருந்து வெளியே வட்டமாக. ஸ்பிரிட்டோ கண்ணாடி துடைக்கும் திரவமோ மேற்பூச்சை உரித்துவிடும்.